நிலவு போகாத கணக்கு

ஆடி அமாவாசைக்கு, அப்பா இல்லாதவர்கள் விரதம் இருப்பது எங்கள் பக்கத்து வழக்கம். படைத்து, காகத்துக்கு வைத்து, அது வந்து தின்ற பிறகுதான் நமக்குச் சாப்பாடு. காங்கேசன்துறைக்கு ரயில் ஓடிக்கொண்டிருந்த கடைசி வருடங்களில், அப்படியொரு அமாவாசை மதியம், இணுவிலில் எங்கள் வீட்டில், அம்மா சமைத்துக்கொண்டிருந்த குசினியின் வாசலில் மடக்கை அட்டவணையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பதினெட்டு வயது. பசி வந்தால் கோபமும் கூடவே வந்துவிடும்.

அன்றைக்குக் கோபத்துக்கு வேறு காரணமும் இருந்தது. அம்மாவின் அண்ணன், என் மாமா, கொழும்பிலிருந்து வந்திருந்தார். சண்டையால் பள்ளிக்கூடம் ஒரு கிழமை நடந்தால் இரண்டு கிழமை பூட்டிக் கிடந்த காலம் அது. என்னைக் கூட்டிக்கொண்டுபோய் அங்கே படிக்க வைப்பதென்று அவர் முடிவெடுத்துவிட்டார். அம்மாவையும் வரச் சொல்லிக் கேட்டார்.

"நானும் வந்தால் அவருக்கு ஆர் படைக்கிறது? உந்தக் காகத்துக்கு ஆர் வைக்கிறது? பிள்ளை போகட்டும், அண்ணை."

பிள்ளை போகட்டும்! அவ்வளவு இலகுவாகச் சொன்னதுதான் எனக்குச் சுட்டது. போகாதே என்று ஒரு சொல் சொல்லியிருக்கக் கூடாதா? அம்மாவைத் தனியே விட்டுப் போக எனக்கு மனமில்லை. படிப்பை விடவும் மனமில்லை. இரண்டையும் வெளியே சொல்ல ரோசம் விடவில்லை. அதனால் கணக்குச் செய்தேன்.

ரியூஷன் வகுப்பில் தந்த கணக்கு. நிலவைப் பூமி இழுக்கும் விசை எவ்வளவு? அதே நிலவைச் சூரியன் இழுக்கும் விசை எவ்வளவு? இரண்டினதும் திணிவை, அதாவது கிலோக் கணக்கை, பெருக்கி, ஈர்ப்பு மாறிலியாலும் பெருக்கி, இடையிலுள்ள தூரத்தின் வர்க்கத்தால் பிரிக்க வேண்டும். பரீட்சைக்குக் கல்குலேற்றர் கொண்டுபோக விடமாட்டார்கள் என்பதால் எல்லாம் மடக்கைதான். பெருக்குவதற்குப் பதில் கூட்டல், பிரிப்பதற்குப் பதில் கழித்தல்.

பூமியின் விடை முதலில் வந்தது. இரண்டு, அதற்குப் பின்னால் இருபது பூச்சியம், அத்தனை நியூற்றன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். அந்த ஈர்ப்பு மாறிலி இருக்கிறதே, தசமப் புள்ளிக்குப் பின் பத்துப் பூச்சியம் கடந்துதான் அதில் எண்ணே தொடங்கும். அவ்வளவு அற்பமான ஒன்றிலிருந்து இவ்வளவு பெரிய பிடி! வெங்காயத் தோல் பறந்துகொண்டிருந்த ஒரு குசினி வாசலில் இருந்தபடி நிலவு கட்டியிருக்கிற கயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டேன்.

பிறகு சூரியன். நாலுக்குச் சற்று மேலே, பின்னால் அதே இருபது பூச்சியம்.

பூமியின் இழுவையைப்போல இரண்டு மடங்குக்கும் மேலே. பிழை என்றுதான் நினைத்தேன். தூரத்தை வர்க்கிக்க மறந்தேனா? இல்லை. அட்டவணையில் நிரை மாறிப் பார்த்தேனா? அதுவும் இல்லை. திரும்பச் செய்தேன், பிடிவாதமாக அதே விடை வந்தது.

எழுந்து முற்றத்தில் இறங்கி, கையால் வெயிலை மறைத்துக்கொண்டு அண்ணாந்தேன். அமாவாசை என்றால் நிலவு இல்லாத நாள் என்றே அதுவரை நினைத்திருந்தேன். அது எங்கேயும் போகவில்லை. அந்த வெயிலுக்குள்ளேதான் கண்ணுக்குத் தெரியாமல் நின்றது. மேலே சூரியன் ஒரு பக்கம் இழுக்க, என் காலடி மண் மறுபக்கம் இழுக்க, கயிறிழுப்புப் போட்டி என் உச்சந்தலைக்கு நேர்மேலே நடந்துகொண்டிருந்தது. எனக்குப் பயமாகவும் இருந்தது, சொல்ல முடியாத சந்தோஷமாகவும் இருந்தது.

"அம்மா! சூரியன்தான் நிலவைக் கூட இழுக்குது. எங்களைவிட ரெண்டு மடங்கு!"

அந்த விரதத்துக்கென்றே தேடி வாங்கும் காத்தோட்டிக்காயைப் பொரித்துக்கொண்டிருந்த அம்மா திரும்பாமலே கேட்டார்: "அப்ப ஏன் உது இன்னும் போகேல்லை?"

கணக்கில் அந்தக் கேள்வி இல்லை. பசியையும் மறந்து வாசற்படிக்கும் முற்றத்துக்குமாக நடந்தேன். கடைசியில் பிடிபட்டது. பூமியை ஆணி அடித்து நிறுத்தியதுபோல நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதையும்தானே சூரியன் இழுக்கிறது! கிலோவுக்குக் கிலோ பார்த்தால், ஏறத்தாழ நிலவை இழுக்கிற அதே அளவு. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், ஒன்றாகவே, காலங்காலமாகச் சூரியனைச் சுற்றி விழுந்துகொண்டிருக்கின்றன. அதனால்தான் இடையிலுள்ள சின்னப் பிடியே போதுமாக இருக்கிறது. அதை நினைத்தபோது நிற்கிற நிலமே மெல்ல நகர்வதுபோல இருந்தது.

"பூமியையும் சேத்துத்தான் இழுக்குது, அம்மா. ரெண்டும் ஒண்டாய்த்தான் போகுது. அதாலைதான் பிரியேல்லை."

சத்தியமாக நான் வானத்தைப் பற்றித்தான் சொன்னேன்.

அம்மா அகப்பையைக் கையில் பிடித்தபடி என்னை ஒருமுறை பார்த்தார். அடுப்பில் காய் கொஞ்சம் கருகிவிட்டது, அது அம்மாவின் கைக்கு நடக்காத காரியம். படையல் முடிந்து, வாழையிலைத் துண்டில் சோற்றை மதில்மேல் வைத்துவிட்டு நின்றோம். நெடுநேரம் போக்குக் காட்டிவிட்டு ஒரு காகம் வந்தது. தலையைச் சரித்துப் பார்த்துவிட்டுத் தின்னத் தொடங்கியது.

அதையே பார்த்தபடி அம்மா, விறாந்தைக் கதிரையில் இருந்த மாமாவிடம் கேட்டார்.

"அண்ணை, கொழும்பிலை காகம் இருக்கோ?"

"காகமோ? அங்கை காகத்துக்கு என்ன குறை!"

"அப்ப ரிக்கற் மூண்டாய் எடுங்கோ."