மந்திரிக்குப் போன என் பதில்

கேரளத்துச் சட்டசபையான நியமசபையில் ஒரு மந்திரி எழுந்து நின்று படித்த பதில் ஒன்று என் வாயிலிருந்து போனது. அதற்கான கேள்வியை முதலில் எழுதினதும் நான்தான். அதற்கப்புறம் நான் செய்ததை இத்தனை வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை. நாலு பேர் கூடியிருக்கிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது. எழுதும்போது அப்படி ஆவதில்லை.

எழுபதுகளில் வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் பிள்ளைக் கொட்டகை ஆயாவாக இருந்தேன். கொழுந்து எடுக்கப் போகிற பெண்கள் காலையில் கைக்குழந்தைகளை என்னிடம் விட்டுவிட்டு மலை ஏறுவார்கள். மத்தியானம் பால் கொடுக்க ஒரு தடவை இறங்கி வருவார்கள். சாயந்தரம் தூக்கிக்கொண்டு போவார்கள். அதற்கப்புறம் அந்தக் கொட்டகையில் நானும் காலித் தொட்டில்களும்தான். எனக்குப் பிள்ளை இல்லை. வீட்டுக்காரர் பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் ஏதோ பாக்டரியில் வேலை கிடைத்துப் போனவர், முதலில் மாசம் ஒரு தடவை வந்தார். பிறகு ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை என்று ஆனது. பிறகு கடுதாசி மட்டும் வந்தது. எஸ்டேட்டில் வரிசையாகக் கட்டிக் கொடுத்த வீடுகளை லயம் என்போம். எங்கள் லயத்தில் கடைசி வீடு என்னுடையது.

கொட்டகைக்குத் தகரக் கூரை. அதில் எத்தனை ஓட்டை என்று எண்ணிப் பார்த்ததில்லை, எந்த இடத்தில் சொட்டும் என்பது மட்டும் மனப்பாடம். எங்கள் மலையில் மழை பிடித்தால் மாசக்கணக்கில் விடாது. ஒரு தொட்டிலை இந்தப் பக்கம் நகர்த்தினால் இன்னொன்று நனையும். கொட்டகைக்குப் பின்னால் ஓடை, வேலி கிடையாது. தவழுகிற பிள்ளைகளின் இடுப்பில் பழைய சேலைக் கிழிசலைக் கட்டி, மறுமுனையைத் தூணில் கட்டி வைப்பேன். பால்பவுடர் மாசத்து முதல் வாரத்தோடு தீர்ந்துபோகும்.

எனக்குப் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி இருந்தாள். எட்டு மாசத்தில் அவளுக்கு ஒரு பெண்குழந்தை. என்னை மதினி என்று கூப்பிடுவாள். நான் பேசவேண்டியதை எல்லாம் அவள்தான் பேசுவாள். கடையில், ஆஸ்பத்திரியில், குழாயடியில், எல்லா இடத்திலும். பேசி முடித்துவிட்டு வந்து, "உனக்கும் சேர்த்து நானே பேசி வாய் வலிக்கு மதினி, ஒரு வாய் காப்பி போடு" என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் தொகுதி மெம்பர் வந்தார். ஜீப் ஏறாத வழி, நடந்தே வந்தார். செருப்பெல்லாம் சேறு. மலையாளக்காரர். ஆனாலும் எங்களோடு தமிழில் பேசப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரி கொட்டகையைக் காட்டினாள். கூரையைக் காட்டினாள். தன் பிள்ளையை நீட்டி, "இதுக்குப் பிறந்ததிலேருந்து சளி விடலை சார், நெஞ்சுல காதை வச்சுப் பாருங்க" என்றாள். அவர் நிஜமாகவே குனிந்து காதை வைத்துக் கேட்டார்.

"எழுதித் தாங்க," என்றார். "வாயால சொன்னா மந்திரி மறந்துபோவார். நான் சபையில சோத்தியமா கேட்டா மறுபடி சொல்லியே ஆகணும்." சோத்தியம் என்றால் கேள்வி, மறுபடி என்றால் பதில். அந்த அளவுக்கு மலையாளம் எங்களுக்கும் தெரியும்.

லயத்துப் பெண்களில் அஞ்சாம் கிளாஸ் வரை படித்தவள் நான் ஒருத்திதான். பக்கத்து வீட்டுக்காரி சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதினேன். கூரை, வேலி, பால். கீழே எல்லாரும் ரேகை வைத்தார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. ஆயா கையெழுத்தைப் பார்த்தால் மானேஜர் துரை சும்மா விடமாட்டார் என்று அவள்தான் தடுத்தாள். யூனியன் செக்ரட்டரி அதை மலையாளத்தில் எழுதி மெம்பருக்கு அனுப்பினார்.

அப்புறம் லயம் முழுக்க அதே பேச்சு.

"மந்திரி என்ன சொல்லுவாரு?"

"அவருக்கு எப்பிடிட்டீ தெரியும் நம்ம கூரை ஒழுகுறது?"

"தெரியாமலா மந்திரியா இருக்காரு?"

"நேர்ல வந்து பாப்பாராயிருக்கும். கொட்டகையைக் கூட்டி வை மதினி, மந்திரி வந்து தொட்டில்ல படுத்துக்கப் போறாரு."

நாங்கள் நினைத்தது இதுதான். மெம்பர் கேட்பார், மந்திரி தனக்குத் தெரிந்ததைச் சொல்வார், தெரியவில்லை என்றால் வந்து பார்ப்பார். அந்தக் கேள்வி திருவனந்தபுரத்திலிருந்து ஒவ்வொரு ஆபீஸாக இறங்கி, எங்கிருந்து போனதோ அங்கேயே வந்து நிற்கும் என்பது எங்களில் ஒருத்திக்கும் தெரியாது.

இங்கே எஸ்டேட் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். ஆண்டுக்கு ஒன்றிரண்டு தடவை சர்க்கார் ஆபீஸர் கொட்டகையைப் பார்க்க வருவார். அவர் வருவது முந்தின நாளே ஆபீஸுக்குத் தெரிந்துவிடும். உடனே ஸ்டோரிலிருந்து ஒரு தகரப் பெட்டி வரும். அதில் பிள்ளைகளுக்கு வெள்ளை உடுப்பு, பூப்போட்ட விரிப்பு, ரெண்டு மரக்குதிரை, ஒரு கிலுகிலுப்பை. எல்லாவற்றிலும் அந்துருண்டை வாசனை அடிக்கும். உடுப்பை மாட்டிவிட வேண்டியது, அன்றைக்குப் பாலும் காய்ச்ச வேண்டியது. ஆபீஸர் எது கேட்டாலும் 'உண்டு சார்' என்று சொல்ல வேண்டியது. ஜீப் திரும்பினதும் உடுப்பைக் கழற்றித் துவைத்து, எண்ணிப் பெட்டியில் வைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். எனக்கு முன்னால் இருந்த ஆயாவும் அப்படித்தான் செய்தாள். அதைப் பொய் என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை. நவராத்திரிக்குக் கொலு வைக்கிற மாதிரி ஒரு சடங்கு, அவ்வளவுதான்.

மனு போய் ரெண்டு மாசம் இருக்கும். பெட்டி வந்தது. மறுநாள் ஒரு ஆபீஸர் வந்தார். கண்ணாடி போட்டவர், வயசானவர், அவசரத்தில் இருந்தார். கூடவே உதவி மானேஜரான சின்ன துரை. அன்றைக்கு மழை இல்லை.

"கூரை ஒழுகலுண்டோ?"

மரக்குதிரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சின்ன துரை தொண்டையைச் செருமினார்.

"இல்லை சார்."

"பால் தினம் உண்டோ?"

"உண்டு சார்."

"வேலி?"

ஓடைப் பக்கம் முந்தின நாள் நாலு மூங்கிலை நட்டு வைத்திருந்தார்கள். "உண்டு சார்."

காகிதத்தை நீட்டினார். மலையாளத்தில் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். அழகாகப் போட்டேன் என்றுகூடச் சொல்லலாம். கையெழுத்துப் போடத் தெரிந்த ஆயா என்று அவர் சின்ன துரையிடம் சொன்னது காதில் விழுந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பிறகு ஒரு நாள் காலையில், வேலைக்கு ஆள் பிரித்துவிடுகிற பெரட்டுக்களத்தில், யூனியன் செக்ரட்டரி ஒரு தாளோடு வந்து நின்றார். சபையில் நடந்தது அச்சடித்து வந்திருக்கிறது என்றார். மலையாளத்தை வரி வரியாகத் தமிழில் சொன்னார். எஸ்டேட் கொட்டகையின் கூரை ஒழுகுவது சர்க்கார் கவனத்துக்கு வந்திருக்கிறதா? வரவில்லை. பால் கொடுக்கப்படுகிறதா? தினமும் கொடுக்கப்படுகிறது. எங்கள் மெம்பர் விடாமல் எழுந்து, அங்கே வேலை செய்கிற பெண்களே எழுதித் தந்திருக்கிறார்கள் என்றாராம். மந்திரி சிரித்துக்கொண்டு, அங்கே உள்ள ஆயாவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார், மெம்பர் மலை ஏறிப் பார்த்தது மழை நாளாக இருக்கும் என்றாராம். சபையில் எல்லாரும் சிரித்தார்களாம். மெம்பர் உட்கார்ந்துவிட்டாராம்.

செக்ரட்டரி தாளை மடித்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஒன்றுமே புரியவில்லை முதலில். பிறகு அந்தக் கண்ணாடிக்காரர் மந்திரியின் பதிலுக்காகத்தான் வந்து போனார் என்று புரிந்தது.

பக்கத்து வீட்டுக்காரி பிள்ளையை என் கையில் தராமல், தொட்டிலில் தானே போட்டுவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து குழாயடியில் நான் போனால் பேச்சு நிற்கும். யாராவது ஒருத்தி, "மந்திரியம்மா வாறா, வழி விடுங்கட்டீ" என்பாள். மற்றவர்கள் குடத்தை நகர்த்திக்கொள்வார்கள். சண்டை போட்டிருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும். வழிதான் விட்டார்கள். முதல் ஆளாகத் தண்ணீர் பிடித்துக்கொண்டு கடைசி வீட்டுக்குப் போவேன். காப்பி ஒரு ஆளுக்குப் போடத் தெரியாமல் ரெண்டு ஆளுக்குப் போட்டுவிட்டு, ஆறினதையும் நானே குடிப்பேன். வீட்டுக்காரருக்கு எல்லாவற்றையும் எழுதினேன். 'நீ வாயைத் திறந்ததே கிடையாதே, இப்ப எதுக்குத் திறந்த' என்று ஒரு வரி எழுதியிருந்தார். மீதி, அங்கே வெயில் அதிகம் என்பதைப் பற்றி.

மழை மறுபடி பிடித்தது. பக்கத்து வீட்டுக்காரியின் பிள்ளை மூச்சு விடும்போது இழுக்க ஆரம்பித்தது. நனையாத இடம் என்று கொட்டகையில் ஒன்றுதான் உண்டு, அடுப்புக்குப் பக்கம். அங்கேயே அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மற்ற பிள்ளைகள் அழுதால் எழுந்திருக்க முடியாது. இப்படி எத்தனை நாள் முடியும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை உள்ளதை உள்ளபடி ரெண்டு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு வண்டிப்பெரியாருக்கு இறங்கினேன். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடைக்கு மேலே அறையில் மெம்பர் ஆட்களைப் பார்ப்பார். மற்றவர்கள் எல்லாரும் போகட்டும் என்று மூலையில் உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் போன பிறகும் ரெண்டு ஆள் மிச்சம் இருந்தார்கள். அவர் பார்த்துக் கூப்பிட்டார். காகிதத்தை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதும்மா. நீயே வாசி."

இதை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. ரெண்டு ஆளும் திரும்பிப் பார்த்தார்கள். முதல் வரியை மூன்று தடவை வாசித்தேன். 'நான்தான் அந்த ஆயா' என்பதுதான் முதல் வரி.

அவர் நிமிர்ந்தார். "நீயா? உன்னாலதானே அன்னைக்கு அத்தனை பேரும் சிரிச்சாங்க" என்றார். கோபம் இல்லை, களைப்பு. பிறகு, "மீதியையும் வாசி" என்றார்.

வாசித்தேன். பெட்டியைப் பற்றி வந்த இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்க விடமாட்டாங்க. புதுசா வேணும். இந்தப் பெட்டி எங்க இருக்கும்?"

"ஆபீஸ் ஸ்டோர்ல சார்."

"சாவி?"

"சின்ன துரைகிட்ட."

எழுதிக்கொண்டார். "பரிசோதனை நாள்ல மட்டும் உடுப்பு வருதுன்னு தெரியுமா, சொல்லாம ஆள் அனுப்பிப் பார்க்கத் தயாரான்னு கேக்குறேன். உன் பேரு வராது. நீயும் யார்கிட்டயும் சொல்லாத. ஆனா துரை கண்டுபிடிச்சிடுவாரு. யோசிச்சியா?"

"யோசிச்சேன் சார்" என்றேன். யோசிக்கவில்லை.

சில வாரம் கழித்து ஒரு பெண் ஆபீஸர் கொட்டும் மழையில் குடையோடு நேரே கொட்டகைக்குள் வந்து நின்றார். முந்தின நாள் பெட்டி வரவில்லை. சட்டியிலும் பானையிலும் சொட்டுகிற சத்தத்துக்கு மேலே கத்திக் கேட்டார், அதே கேள்விகள். நானும் கத்தித்தான் பதில் சொன்னேன். பால் இல்லை. வேலி இல்லை. உடுப்பு எங்களுடையது இல்லை. சின்ன துரை ஓடி வந்து சேர்வதற்குள் அவர் எழுதி முடித்துவிட்டார்.

புதுத் தகரம் வந்தது. ஓடைக்குக் கம்பிவேலி வந்தது. பால் தினமும் வந்தது. அதோடு ஆபீஸிலிருந்து எனக்கு உத்தரவும் வந்தது: கொட்டகைக்கு வேறு ஆள், நான் களை வெட்டுக்குப் போகவேண்டும். காரணம் சொல்லவில்லை.

பெரட்டுக்களத்தில் செக்ரட்டரி மறுபடி ஒரு தாளைப் படித்தார். "நம்ம மெம்பர் விட்டாரா பாத்தீங்களா" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். மம்பட்டியைக் கீழே வைத்துவிட்டு நானும் தட்டினேன். எனக்குப் பக்கத்தில் நின்ற ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னாள், "பொய் சொன்ன ஆயாவையும் தூக்கிட்டாருல்லா."

அப்படித்தான் எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். அப்படி இல்லை என்று சொல்லியிருக்கலாம். மெம்பர் சொல்லாதே என்றது ஒன்று. சொல்ல ஆரம்பித்தால் எத்தனை முகம் என்னைப் பார்க்கும் என்பது இன்னொன்று.

மழை விட்ட ஒரு சாயந்தரம் குழாயடியில் பக்கத்து வீட்டுக்காரி மட்டும் நின்றாள். இடுப்பில் பிள்ளை. மூச்சு இழுப்பு நின்றிருந்தது, கன்னத்தில் சதை வைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் கையை நீட்டியது. அவள் அதைத் தடுக்கவில்லை, தரவும் இல்லை. குடம் நிறைந்ததும் குழாயை மூடினாள். பிறகு, ஆறேழு மாசத்துக்குப் பிறகு முதல் தடவையாக, என்னிடம் பேசினாள்.

"இனியாவது உள்ளதைச் சொல்லு மதினி."

"சரி" என்றேன். குடத்தைத் தூக்கி அவள் தலையில் ஏற்றிவிட்டேன்.