எதிர்ப்பு மனுவுக்கு ஒரு பொன்னாடை

எங்கள் வீட்டு ஓனருக்கு இங்கிலாந்து என்றாலே கடுங்கோபம் வரும். நம்மை ஆண்டார்கள் என்பதற்காக அல்ல. புதுச்சேரியை ஆண்டது வேறு வெள்ளைக்காரர்கள். மான்செஸ்டரில் வேலை பார்க்கும் அவருடைய மகனுக்கு ஒரு ஃபிளாட் கிடைக்கவிடாமல் அந்த ஊர்க்காரர்கள் தடுக்கிறார்கள் என்பதுதான் காரணம்.

புதுச்சேரியில் சாரம் என்ற பகுதியில், அவருடைய வீட்டு மாடியில் நான் பல வருடங்களாகக் குடியிருந்தேன். நடந்து போகும் தூரத்தில் பள்ளிக்கூடம். அங்கே தமிழ் ஆசிரியை. தனி ஆள். மாலையில் கேட்டைத் திறந்தால் போதும், கார் ஷெட்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஓனர் அன்றைய மான்செஸ்டர் நிலவரத்தைச் சொல்லிவிட்டுத்தான் என்னை மாடியேற விடுவார். அங்கே பெரிய நகரங்களில் குடியிருக்க வீடே இல்லையாம். அதனால் அரசாங்கம் சட்டத்தைத் திருத்தி, ரயில் நிலையங்களுக்குப் பக்கத்தில் நெருக்கமாகவும் உயரமாகவும் கட்டலாம் என்று சொல்லப் போகிறதாம். அப்படி வரவிருக்கும் ஒரு கட்டடத்தில்தான் மகன் ஃபிளாட்டுக்குச் சொல்லி வைத்திருந்தான். ஆனால் அந்தத் தெருக்காரர்கள், வெளிச்சம் போய்விடும், கார் நிறுத்த இடம் இருக்காது, தெருவின் அழகு கெட்டுவிடும் என்று மனுமேல் மனுவாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாம் சொந்த வீடு வச்சிருக்கிறவனுங்க டீச்சர். தான் உள்ள வந்துட்டு, அடுத்தவன் வர்றப்ப கதவச் சாத்துறானுங்க" என்பார்.

நான் தலையாட்டுவேன். வாடகைக்கு இருப்பவர்களின் தலை, சில வருடங்களில் தானாகவே ஆடக் கற்றுக்கொள்ளும்.

இப்படி இருக்கையில் எங்கள் பக்கத்து மனையிலிருந்த பழைய ஓட்டு வீட்டை இடித்தார்கள். வாங்கியவர் ஒரு பில்டர். எங்கள் ஊரிலும் விதிகளைத் தளர்த்துகிறார்கள், இந்த அகலமுள்ள சாலையில் இன்னொரு மாடி கூடுதலாகக் கட்டலாம் என்று பேச்சு அடிபட்டது. கீழே வண்டிகள், மேலே நான்கு மாடி. ஒரு ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் தெரியாமல் போய் வரைபடத்தைப் பார்த்தேன். இரண்டாவது மாடியில் பின்பக்கமாக, ஒற்றைப் படுக்கையறையும் துளியூண்டு பால்கனியுமாக ஒரு ஃபிளாட் இருந்தது. அது எனக்காகவே வரைந்தது என்று எனக்குப் பட்டது.

ஏன் என்று, தனியாக இருக்கிற பெண்ணாக வீடு தேடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். புரோக்கர் முதலில் சார் எங்கே வேலை செய்கிறார் என்று கேட்பார். சார் இல்லை என்றால், அம்மா கூட இருப்பார்களா என்பார். அம்மாவும் இல்லை என்றால், அந்த வீடு அந்த நிமிடத்திலேயே வேறு யாருக்கோ போய்விட்டிருக்கும். சொந்த ஃபிளாட்டில் இந்தக் கேள்விகள் கிடையாது. வங்கியில் கடன் தருவதாகச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பின்பக்க ஃபிளாட்டை எனக்கு ஒதுக்கிவையுங்கள் என்று பில்டரிடம் சொல்லிவிட்டு, ரகசியத்தைக் காக்க முடியாமல் தெருவில் சிரித்துக்கொண்டே நடந்தேன்.

ஓனர் சிரிக்கவில்லை. அடுத்த வாரமே தெருக்காரர்களை மொட்டைமாடிக்கு வரவழைத்துக் கூட்டம் போட்டார். அங்கே அவர் அனுமதி வாங்காமல் கட்டிய தகரக் கூரை அறை ஒன்று உண்டு. வெயிலுக்கு ஒதுங்கி அதற்குள்ளேயே எல்லோரும் உட்கார்ந்து, விதிமுறைகளை மதிக்க வேண்டியதன் அவசியத்தைப் பேசினோம். வெளிச்சம் போய்விடும் என்றார் ஒருவர். கார் எங்கே நிறுத்துவது என்றார், சாக்கடை மேல் ஸ்லாப் போட்டுக் காரை நிறுத்தியிருக்கும் இன்னொருவர். பிரெஞ்சுக்காரர் காலத்து ஒயிட் டவுனில் யாராவது இப்படி மாடிமேல் மாடி கட்டுகிறார்களா, நம் தெருவுக்கும் ஒரு பாரம்பரியம் இருக்கிறது என்றார் ஓனர். அந்தப் பாரம்பரியம் எது என்று நானும் யோசித்துப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டியும் டிரான்ஸ்பார்மரும்தான் நினைவுக்கு வந்தன.

பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மனுவைத் தமிழ் டீச்சர்தான் எழுத வேண்டுமாம். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஃபிளாட் கைக்கு வரும்வரை அந்த மாடியில்தான் நான் குடியிருந்தாக வேண்டும். சரி, படிக்கிற அதிகாரிக்குத் தூக்கம் வருகிற மாதிரி எழுதிக் கொடுத்துவிடலாம் என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன்.

எழுத வரவில்லை. அதாவது, மோசமாக எழுத வரவில்லை. முதல் பத்தியை வேண்டுமென்றே சவசவ என்றுதான் ஆரம்பித்தேன். இரண்டாவது பத்தியில் காலை வெயில் எங்கள் ஜன்னல்களில் நுழைவதைப் பற்றி ஒரு வாக்கியம் வந்து விழுந்தது. அதை அடிக்க மனம் வரவில்லை. அதற்கு ஈடாக இன்னொன்று தேவைப்பட்டது. மூன்றாவது பத்தியில், இன்னும் பிறக்காத குழந்தைகளின் பங்கு வெளிச்சத்தைப் பறிக்க நமக்கு என்ன உரிமை என்று கேட்டிருந்தேன். முடித்துவிட்டு அதை எனக்கே இரண்டு முறை படித்துக் காட்டிக்கொண்டேன். எந்தக் குழந்தைகள் என்று கேட்டுப் பார்க்க அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

கூட்டத்தில் ஓனர் அதை உரக்கப் படித்தார். கைதட்டல். நகரமைப்பு அலுவலகத்தில் பில்டரின் அனுமதிக் கோப்பு நின்றது. பில்டர் கொஞ்ச நாள் அலைந்து பார்த்துவிட்டு, கருவடிக்குப்பம் பக்கம் வேறு மனை கிடைத்துப் போய்விட்டார். தெரு சார்பில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சிரித்தபடி போட்டோவுக்கு நின்றேன். மாடிக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதேன்.

சில மாதங்கள் கழித்து மான்செஸ்டரிலிருந்து போன் வந்தது. கார் ஷெட்டில் ஸ்பீக்கர் அலறியதால் எனக்கும் கேட்டது. அந்தக் கட்டடத்துக்கு அனுமதி கிடைக்கவில்லை.

"எதிர்வீட்டு லேடி ஒருத்தங்கப்பா, லெட்டரு எழுதியிருக்காங்க. வெளிச்சம், கொழந்தைங்கன்னு. படிச்சவனெல்லாம் உருகிட்டான்" என்றான் மகன். இனி அங்கே மல்லுக்கட்ட முடியாது, குடும்பத்தோடு ஊருக்கே திரும்பிவிடுகிறேன், வீட்டிலிருந்தே வேலை செய்யக் கம்பெனியில் சம்மதித்துவிட்டார்கள் என்றான்.

ஊர் என்றால் வீடு. வீடு என்றால் மாடி. மறுநாள் மாலை ஓனர் வழக்கம்போல நாற்காலியில் இருந்தார். மான்செஸ்டர் நிலவரம் மட்டும் சொல்லவில்லை. மிகவும் சங்கடப்பட்டு, மிகவும் மரியாதையாக, பள்ளி லீவுக்குள் காலி செய்ய முடியுமா என்று கேட்டார். அப்போதும் என் தலை ஆடியது.

தெருவில் எனக்கு வீடு கிடைக்கவில்லை. வெளிச்சத்தைக் காப்பாற்றிய டீச்சர் என்று எல்லோரும் அன்பாகத்தான் பேசினார்கள். கூடவே, சார் எங்கே வேலை செய்கிறார் என்றும் கேட்டார்கள். கடைசியில் வில்லியனூர் தாண்டி ஓரிடம் அமைந்தது. பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும்.

சாமான் ஏற்றிய அன்று ஓனர் கேட் வரைக்கும் வந்தார். டெம்போவைப் பக்கத்து மனையில்தான் நிறுத்தியிருந்தோம். இப்போது அங்கே முள்செடியும், தெருக்காரர்களின் கார்களும் இருக்கின்றன. அவர் அந்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். முகத்தில் உண்மையான வருத்தம்.

"இந்த எடத்துல நாலு வீடு வந்திருந்தா, நீங்க இந்தத் தெருவ விட்டே போக வேணாம் டீச்சர்" என்றார். "எவனும் கட்ட மாட்டேங்கிறான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அந்த மனுவ நான்தான் சார் எழுதினேன்" என்றேன்.

"அத மறக்க முடியுமா டீச்சர்" என்றார், மனம் நெகிழ்ந்து. "என்னா எழுத்து அது."

எனக்கு அப்போதும் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.