வாலில்லாத மலைப்பூண்டு

நாயுடுபுரத்தில் காரட் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். பூண்டி லாரி டிரைவர் இறங்காமலே சொன்னார்: "சவரி போயிட்டாப்லய்யா. வெள்ளனே. இருமிக்கிட்டே இருந்தாராம், நின்னுபோச்சாம்." மிச்ச மூட்டைகளையும் இறக்கிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். அவரும் அதைத்தான் செய்திருப்பார்.

சவரிமுத்து அண்ணனோடு சுமை தூக்கிய உங்களுக்கு அவர் பிரான்சு போன கதை தெரியும். இங்கிருந்த பிரெஞ்சுப் பாதிரிச் சாமியாருக்கு நடை தளர்ந்துவிட்டது. ஊர் திரும்பும் அவரைத் தாங்கிப் பிடிக்க இவரைக் கூட்டிப்போனார்கள். பர்கண்டி என்ற தன் சொந்தச் சீமையின் பழைய கோயில்களையெல்லாம் சாவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று சாமியாருக்கு ஆசை. கல்லூரியைப் பாதியில் விட்டுவந்த நான் அதை வாய் பிளந்து கேட்பேன். அண்ணன் அலுத்துக்கொள்வார்.

"என்னத்தப் பாத்தேன். காலையில ஒரு மடம், மத்தியானம் ஒரு கோயிலு. எல்லாம் எண்ணூறு வருசக் கல்லு. சுவரு ஒரு ஆள் நீளம் கனம், சன்னல் கையகலம். உள்ள உருளைக்கெழங்கு கொட்டடி மாதிரி குளிரு. சாமியாரு முட்டி போட்டா எந்திரிக்க மாட்டாரு. நான்தான் தூக்கணும்."

சாமியார் ஜெபித்து முடிக்கும்வரை இவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பாராம். அதைச் சொல்லும்போது மட்டும் அலுப்பு இருக்காது. "தூணு தலையில கல்லுல செதுக்கின திராட்சை பறிக்கிறவன் உக்காந்திருக்கான்யா. மாவு அரைக்கிறவன் இருக்கான். நம்மள மாதிரி சோலி பாக்குறவன். எவனும் எறக்கிவிடல."

அண்ணனின் ஊரான பூண்டியில் சின்னக் கோயில் எழும்பியபோது அவருக்கு இருமல் முற்றியிருந்தது. தூண் தலையில் ஊரில் விளையும் மலைப்பூண்டைச் செதுக்க வேண்டும் என்று நின்றார். "சாமியாரு ஒரு சீமையவே சுத்திப் பாத்துட்டுப் போனாரு. எனக்கு ஒரு தூணு போதும்."

ஊர்க்கூட்டம் சிரித்தது, பிறகு கோபப்பட்டது. "கோயில்ல பூண்டா? தாமரை மொட்டு போடச் சொல்லு" என்றார் ஊர்ப் பெரியவர் அந்தோணி.

"பூண்டு நாத்தத்தோடதான மாமா பூசையில நன்மை வாங்குறோம்?" என்றார் அண்ணன்.

ஆனாலும் மொட்டு என்றே முடிவானது.

மறுநாள் அண்ணன் மதுரைக் கல்தச்சரிடம் சந்தைப் பூண்டு ஒன்றைக் கொடுத்து, "மொட்டு இந்த மாதிரி" என்று சொல்லிவிட்டு வந்தார்.

சாரம் பிரித்த அன்று ஊரே அண்ணாந்தது. அந்தோணி நெடுநேரம் பார்த்தார். உடைக்கச் சொல்வார் என்றே நினைத்தேன்.

"ஏலே சவரி, பல்லு தெரியுதுலே."

"தெரியுது மாமா."

"வாலு எங்கலே? வாலில்லாம எப்படிக் கட்டி உத்தரத்துல தொங்கவிட்டுக் காயவைக்கிறது?"

சந்தையில் அந்த வாலை, தாளை நறுக்கித்தான் விற்பார்கள். தச்சர் பார்த்ததைச் செதுக்கியிருந்தார். மலைப்பூண்டின் தாள் எவ்வளவு நீளம் என்று பொழுது சாயும்வரை சண்டை. உடைக்கச் சொல்லி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. சவரி அண்ணன் சிரித்துச் சிரித்து இருமி, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அடக்கத்தன்று பெட்டியை அந்தத் தூணடியில் வைத்தார்கள். அந்தோணி மேலே பார்த்தார். "வாலு மட்டும் வச்சிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சவரி அண்ணனிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது ஒன்றுதான். எந்தக் கோயிலுக்குள் போனாலும் பீடத்தைப் பார்க்கும் முன்பே தூண் உச்சியைப் பார்க்கிறேன், நம்மவன் எவனாவது உட்கார்ந்திருக்கிறானா என்று. பெரும்பாலும் இல்லை. கழுத்துதான் வலிக்கிறது. பார்க்கிறேன்.