கட்டையில் செதுக்கிய பெயர்

இரண்டு வருடங்களுக்கு முன், தேர்தல் முடிந்த அடுத்த வாரம், ஓசூரில் நடந்தது. காவல் நிலையத்தில் ஒப்படைத்திருந்த எங்கள் வீட்டு நாட்டுத் துப்பாக்கியை ரசீதைக் காட்டித் திரும்ப வாங்கினோம். தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளைக் கொடுத்துவைப்பதும், முடிந்ததும் எடுத்துவருவதும் வழக்கம். ரசீது பத்திரமா, ரசீது பத்திரமா என்று அப்பாவை நான் படுத்திய பாடு கொஞ்சமல்ல.

துப்பாக்கி அப்பாவின் தாத்தாவுடையது. தேன்கனிக்கோட்டைப் பக்கம் மணியக்காரராக இருந்தவர். சிறுத்தையைச் சுட்டு ஓர் ஊரையே காப்பாற்றினார், அந்த ஊர்ப் பெயரைத்தான் துப்பாக்கிக் கட்டையில் செதுக்கிவைத்தார் என்பது எங்கள் வீட்டுக் கதை. எழுத்து கன்னடம், வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியாது. போட்டோ எடுத்துப்போய், கம்பெனியில் கன்னடக்கார சூப்பர்வைசரிடம் காட்டினேன். ஊர்ப் பெயரோடு ஓர் ஆள் பெயரும் இருக்கிறது என்றார். சிறுத்தையிடம் தப்பியவராக இருக்கும் என்று நானே முடிவுகட்டினேன். அந்த ஊர்க்காரர் வாயாலேயே தாத்தா பெருமையை வீடியோ எடுத்து, உறவுக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட ஒரே துடிப்பு.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ மைசூர்பாகுடன் பஸ் ஏறினேன். காட்டை ஒட்டிய கிராமம். பெயரைச் சொன்னதும், தக்காளித் தோட்டத்தில் நின்ற ஒருவரைக் காட்டினார்கள். என் வயதுதான் இருக்கும். பெயருக்குரியவர் அவருக்கும் அப்பாவின் தாத்தாவாம்.

“அவரு கிட்ட ஒரு துப்பாக்கி இருந்துச்சு சார். ஆனை, பன்னி வந்தா வெடி போட்டு வெரட்டுவாராம். ஒரு வாட்டி, சர்க்கார் உத்தரவுன்னு மணியக்காரரு எல்லாரு துப்பாக்கியும் வாங்கிட்டுப் போனாரு. அப்புறம் எல்லாருக்கும் திரும்பி வந்துச்சு, இவருக்கு மட்டும் வரல. கேட்டதுக்கு, நீ எப்படா குடுத்தேன்னுட்டாராம். சீட்டு கீட்டு எதுவும் இல்ல, என்னத்தக் காட்டறது?”

அந்த வருடமே, தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு காவல் இருந்த அந்தத் தாத்தாவை யானை மிதித்துக் கொன்றுவிட்டதாம். சிறுத்தை ஏதாவது வந்ததா என்று கேட்டேன். அப்படி எதுவும் கேள்விப்பட்டதில்லை என்றார்.

“கட்டையில பேரு செதுக்கியிருந்தாராம். யாரு வூட்ல கெடக்குதோ. ஆமா, நீங்க எதுக்கு சார் தேடி வந்தீங்க?”

போட்டோ இருந்த போன் என் சட்டைப் பையில். கை தானாகப் போய் அதை மூடிக்கொண்டது. “பழைய ஆளுங்களப் பத்தி எழுதறேங்க” என்றேன், கூசாமல்.

தாத்தாவைப் பற்றி எழுத ஒருவர் வந்திருக்கிறார் என்று அவருக்கு அத்தனை சந்தோஷம். காபி கொடுத்தார். பை நிறையத் தக்காளி கட்டினார். சாயங்காலம் யானை இறங்கும் என்று, கையில் பட்டாசோடு பஸ் நிற்கும் இடம்வரை துணைக்கு வந்தார். அவர் தாத்தாவிடம் இருந்ததை நாங்கள் பிடுங்கிக்கொண்டோம். அவர் எனக்குக் காவல் வருகிறார். மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. பஸ் கிளம்பும்போது, “தாத்தா பேர மட்டும் தப்பில்லாம போடுங்க சார்” என்றார்.

மணியக்காரர் செய்தது அவர் செய்தது. சட்டைப் பையை மூடிக்கொண்டு நின்றது நான். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஆயுத பூஜைக்கு அவர் வைக்கும் சந்தனம் அந்தப் பெயரின்மேல்தான் விழுகிறது. பக்கத்தில் நின்று கும்பிடுகிறேன். ஒருவழியாக இன்று எழுதிவிட்டேன். ஆனால் எங்கள் குடும்பம் இன்னதென்று தெரிந்துவிடுமே என்ற பயத்தில், அந்த மனிதர் என்னிடம் கேட்ட ஒரே ஒரு பெயரை இதிலும் போடாமல்தான் அனுப்புகிறேன்.