ரைட்டுக்கு ஒடிச்சா லெஃப்டுக்குப் போன லாரி

காவேரி கலாட்டா நடந்துச்சே, தமிழ்நாட்டு நம்பர் வண்டியெல்லாம் கொளுத்தினாங்களே, அது அடங்கி அடுத்த வெயில் காலத்துல தான் அந்த லாரி பீன்யாவுல எங்க ஷெட்டுக்கு வந்துச்சு. வருஷம் கேட்டா சொல்லத் தெரியாது. படிப்பு இல்லாத ஆளு நான். ரைட்டு லெஃப்டு கூட சோத்துக்கை, பீச்சாங்கைன்னு தான் கத்துக்கினேன். நான் போயி லாரிக்கு ஸ்டியரிங்க இடம் மாத்துற வேல பாத்தேன்னா எங்க வீட்டுலயே நம்ப மாட்டாங்க.

இப்ப ஏன் இத எடுக்கறேன்னா, போன மாசம் லிங்கராஜபுரத்துல சவரி அண்ணன் செத்துட்டாரு. அந்த லாரிய ஓட்டினவரு. வாசல்ல ஷாமியானா, பிளாஸ்டிக் சேரு, பேப்பர் கப்புல காப்பி. சம்பங்கி மாலைங்க வாசன மூக்க அடைக்குது. பக்கத்துல ஒருத்தன் காப்பிய உறிஞ்சிக்கினே சொல்றான், "வேல டெஸ்ட்டுக்குப் போயி கம்பெனி கேட்டு தூணுல வண்டிய விட்டாரே, அவரு தானே? ஃபுல் மப்பு. ரைட்டுக்குப் போய்யான்னா லெஃப்டுக்குப் போயிருக்காரு."

சுத்தி இருந்தவங்க சிரிக்கிறாங்க. எழவு வீட்டுல.

"எழுந்து போடா"ன்னேன். அவன் போகல, நான் தான் எழுந்தேன். அண்ணன் மக ஸ்டெல்லா ஓடியாந்து என் கையப் புடிச்சுக்கிச்சு. "விடுங்க அங்கிள். அப்பா அன்னிக்கு ஒரு நாள் குடிக்காம போயிருந்தா எங்க பொழப்பே வேற மாதிரி இருந்திருக்கும்."

பெத்த பொண்ணே இத சொல்லுது. அவன் சிரிச்சதக் கூட விட்டுடலாம், இத எப்டி விடறது?

அந்த லாரிக்கும் சம்பங்கி மால தான் போட்டாங்க. வாசன வந்தவொடனே அது தான் கண்ணு முன்னாடி நின்னுச்சு. வெளிநாட்டு லாரி, பின்னாடி கிரேன். எங்கயோ அணக்கட்டு வேலைக்கு வந்து, வேல முடிஞ்சு ஏலத்துல போச்சாம். ஒரு கான்ட்ராக்டர் எடுத்தான். ஃபேக்டரிங்களுக்கு மெஷின் தூக்கி வெக்கிற கான்ட்ராக்டு அவனுக்கு. வண்டியில ஸ்டியரிங் லெஃப்டு பக்கம். அத ரைட்டுக்குக் கொண்டாரணும்.

எங்க மேஸ்திரி ஹனுமந்தப்பா. கன்னடக்காரரு, தங்கமான மனுஷன். கலாட்டா சமயத்துல ஷெட்டுல இருந்த தமிழாளுங்க எங்க நாலு பேரையும் அவர் வீட்டுல வெச்சு, "வாயே தெறக்காதீங்கடா, உங்க கன்னடத்தக் கேட்டா நானே அடிச்சுடுவேன்"னு களியும் கொழம்பும் போட்டாரு. என் கன்னடம் அந்த லட்சணம். சரி, அது கெடக்கட்டும்.

ஸ்டியரிங் பாக்ஸு லெஃப்டுலயே இருக்கட்டும், ரைட்டுல ஒரு வீலு வெச்சு, குறுக்க ஒரு ராடு போட்டு, ரெண்டு முனையிலயும் பல்சக்கரம் வெச்சு இழுத்துக்கலாம்னு மேஸ்திரி பண்ணாரு. அதுல ஒரு சூட்சுமம் இருக்குது. பல்லு இந்தப் பக்கம் கடிச்சா ஒரு தெச, அந்தப் பக்கம் கடிச்சா எதிர் தெச. எல்லாம் பூட்டி, வெல்டிங் முடிச்சு, வண்டிய எடுத்து ரைட்டுக்கு ஒடிச்சா, டயரு லெஃப்டுக்குத் திரும்புது. உல்டா. நாங்களும் விழுந்து விழுந்து சிரிச்சோம், ஏன் பொய் சொல்லணும். பிரிச்சு சக்கரத்த அந்தாண்ட மாத்தி வெச்சா தீந்துச்சு. ரெண்டு நாள் வேல.

அப்ப தான் கான்ட்ராக்டர் மாலையும் எலுமிச்சம்பழமும் எடுத்துக்கினு வந்தான். மறுநாள் காலைல மெஷின் எறக்கணுமாம். ரெண்டு நாளெல்லாம் நிறுத்த முடியாதாம். மேஸ்திரி தலையில அடிச்சுக்கினாரு. அவன் சவரி அண்ணன் தோள்ல கையப் போட்டு, "சொல்ப அட்ஜஸ்ட் மாடி, சவரி. ஒந்து வாரதல்லி அப்யாஸ ஆகத்தெ"ங்கிறான். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணுமாம், ஒரு வாரத்துல பழகிடுமாம்.

இந்த ஊர்ல எனக்கு ஆகாத வார்த்த ஒண்ணு இருக்குதுன்னா அது தான். பஸ்ஸுல சீட்டுக்கு அட்ஜஸ்ட் பண்ணு, கொழாயில தண்ணி வரலன்னா அட்ஜஸ்ட் பண்ணு. செஞ்சோம். ஒரு மனுஷன் கையயே அட்ஜஸ்ட் பண்ணச் சொன்னவன அன்னிக்கு தான் பாத்தேன். ஃபேக்டரி எஸ்டேட்டுக்குள்ளயே ஓடுற வண்டி, எந்த ஆர்டிஓ ஆபீசரு வந்து பாக்கப் போறான்னான். வேல முடிஞ்சு வந்து மாத்திக்கறேன்னுட்டுப் போனவன் கடேசி வரைக்கும் வரல.

சவரி அண்ணன் பழகினாரு. வேற வழி? உல்டான்னு ஞாபகம் இருக்க ஸ்டியரிங்குல செவப்புத் துணி கட்டிக்கினாரு. மத்தியானம் எங்க ஷெட்டுல தான் சாப்பாடு. காலித் தட்ட ரெண்டு கையால புடிச்சு இப்டியும் அப்டியும் திருப்பிக்கினே இருப்பாரு.

"இன்னாண்ணா, தட்டு பஞ்சரா?"ன்னு கேப்பேன்.

"சும்மா இரு தம்பி. இப்ப தான் ஒரு சந்துல திருப்பிக்கினு இருக்கேன்."

மேஸ்திரி அந்தாண்டருந்து, "சந்துல குண்டான் நிக்குது, பாத்து"ம்பாரு.

அப்பால கை வந்துடுச்சு. டீக்கடை ஆளுங்க வெளிய வந்து நின்னு பாப்பாங்க. அந்த கிரேன எலி வளையில கூட விட்டு எடுப்பாரு. ரொம்ப வருஷம் ஓட்டினாரு. பெறகு கான்ட்ராக்டர் புது கிரேன் வாங்கினான், கூடவே புது டிரைவர் பையன் ஒருத்தன. லாரிய பழைய இரும்புக்காரன் வெட்டி எடுத்துக்கினு போனான். சவரி அண்ணன வெட்டல, அவ்ளோ தான்.

ஒரு கம்பெனியில டிரைவர் வேலைக்கு டெஸ்ட் வெச்சாங்க. நல்ல வேல, பொண்ணுக்கு நல்ல ஸ்கூல் கெடைக்கும்னு சொன்னாரு. என் வண்டியில தான் கூட்டிக்கினு போனேன். தவக்காலத்து வெள்ளிக்கெழம, விரதம். காலைலருந்து ஒரு டீ கூட குடிக்கல மனுஷன். டெஸ்ட்டுக்குக் குடுத்த லாரிய எடுத்துக்கினு கேட்டுக்குள்ள பூந்தவொடனே ஒரு சைக்கிள்காரன் திடீர்னு குறுக்க வந்தான். அவன விட்டு ரைட்டுக்கு ஒதுங்கணும். அண்ணன் கை எந்தப் பக்கம் போயிருக்கும், நீயே சொல்லு. நல்லவேள, சைக்கிள்காரன் தாவி தப்பிச்சுட்டான். தூணு தான் போச்சு.

கம்பெனி ஆபீசரு வந்து மூஞ்சிய மோந்து கூட பாக்கல. "குடிச்சிட்டு வந்திருக்கான், வெளிய அனுப்பு"ன்னான். நான் போயி உல்டா ஸ்டியரிங்கு கதைய சொன்னேன். "இதுக்கு நீ வேற சாட்சியா? அந்த லாரி எங்க, காட்டு"ன்னான். எங்கன்னு காட்டுவேன்? அது அந்நேரம் கம்பியா உருகி எந்த வீட்டு கான்க்ரீட்டுல கெடந்துச்சோ.

"வேற கம்பெனிக்குப் போலாம்ணா"ன்னேன். "இருடா"ன்னு, கூட்டாளி டெம்போவ மைதானத்துல எடுத்துப் பாத்தாரு. நெதானமா போனா எல்லாம் சரியா இருக்குது. நான் வேணும்னே ஒரு டப்பாவ குறுக்க வீசினேன். கை பழைய பக்கமே போச்சு. திரும்பவும் தட்ட எடுத்துக்கினு ஒக்காந்தாரு, மாசக்கணக்குல. கை மறக்கல. பழகச் சொன்னவன் சொல்லிட்டான், மறக்கறது எப்டின்னு யார் சொல்றது? ஒரு நாள் தட்ட கீழ வெச்சுட்டு, "ரோட்ல கொழந்தைங்க நடக்குது தம்பி. நான் ஓட்டக்கூடாது"ன்னாரு. லைசென்ஸ யாரும் புடுங்கல, பாத்துக்கோ. அவரே எறங்கினாரு. பெறகு சைக்கிள்ல கடகடையா பேக்கரி பன்னு போட்டாரு. குடிகாரன்னு சொன்னவங்க கிட்ட கொஞ்ச நாள் வாதாடினாரு, அப்பால அதையும் விட்டுட்டாரு.

இப்ப அந்த ஷெட்டு இருந்த எடத்துல டைல்ஸ் கடை. மேஸ்திரி போயி சேந்துட்டாரு. லாரி இல்ல, அண்ணனும் இல்ல. அந்த கான்ட்ராக்டர் மட்டும் நல்லா இருக்கான், கார்ல பின் சீட்டுல போறான். அந்த உல்டாவ கண்ணால பாத்து, வெளிய சொல்லவும் செய்யறவன்னு மிஞ்சியிருக்கறது நான் ஒருத்தன் தான். சாவு வீட்டுல நான் ஆரம்பிச்சதுக்கு ஸ்டெல்லா, "இப்ப எதுக்கு அங்கிள்"னு உள்ள போயிடுச்சு. கோவத்துல கத்தற கெழவன் பேச்ச யாரு கேப்பா?

நீ தெனமும் ஹெப்பகோடி பக்கம் தானே போற. ஸ்டெல்லா அங்க தான் வேல செய்யுது. உன்ன மாதிரி பொறுமையா பேசறவங்க சொன்னா கேக்கும். பாத்தா சொல்லு, உங்கப்பா அன்னிக்கு பச்சத்தண்ணி கூட குடிக்கலன்னு. ரோட்ல அப்ப உன் வயசு பசங்க நடக்குதேன்னு தான் உங்கப்பா அவரா வண்டிய விட்டு எறங்கினாருன்னு ஸ்டெல்லா கிட்ட சொல்லு.