ஒன்று கொய்யாக்கட்டை, ஒன்று கடைக்கோல்

எங்கள் வீட்டு அலமாரியின் மேல் இரண்டு கோலாட்டக் கோல்கள் கிடக்கின்றன. பச்சைச் சாயம் பூசியது நான் கொய்யாக் கிளையை வெட்டிச் செதுக்கியது. சிவப்பாக வழவழவென்று இருப்பது சுங்கை பட்டாணியில் கடையில் வாங்கியது. இரண்டும் ஜோடியில்லை. கொய்யாக்கட்டையின் சத்தம் கனம். கடைக்கோலின் சத்தம் மெலிசு. ஒன்றோடொன்று தட்டினால் சேராது. ஆனாலும் வீடு மாறியபோது என் மகள் சட்டிபானைக்கு முன்னால் இவற்றைத்தான் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

இவை எப்படி ஒன்றாக வந்து சேர்ந்தன என்பதை அவள் வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். நான் மூன்றாம் படிவம் வரை படித்தவன். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளே.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அதை மறைத்துக்கொண்டு மற்றதைச் சொல்ல எனக்கு வராது. என் மகளின் இரத்தத்தில் எச்.ஐ.வி. என்ற கிருமி இருக்கிறது. என் இரத்தத்திலும் இருக்கிறது. என்னிடமிருந்து அவள் அம்மாவுக்குப் போய், அம்மாவிடமிருந்து பிறக்கும்போதே அவளுக்கு வந்தது. அம்மா இறந்தபோது அவளுக்கு மூன்று வயது. அதற்குப் பிறகுதான் எங்கள் இருவரையும் சோதித்துச் சொன்னார்கள். அன்றிலிருந்து காலை ஏழு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் மருந்து. மருந்தை விடாமல் சாப்பிட்டால் எல்லாரையும் போல ஓடலாம், படிக்கலாம், ஆடலாம். தொட்டால் பிறருக்கு வராது. சேர்ந்து சாப்பிட்டாலும் வராது. மருத்துவமனையில் எங்களைப் பார்க்கும் மிஸ்ஸி, அதாவது தாதி, இதை எனக்குப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். எனக்கே பயம் போக நாளானது. அதனால் மற்றவர்கள் பயந்ததை முழுசாகக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

அப்போது நாங்கள் சிடாம் கிரி பக்கம் எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருந்தோம். நான் குலை ஏற்றும் டிராக்டர் ஓட்டினேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி சின்னது. நான்காம் ஆண்டில் மொத்தமே பதினொரு பிள்ளைகள். பிள்ளைகள் குறைந்தால் பள்ளியை மூடிவிடுவார்களோ என்ற கவலை எல்லாருக்கும் உண்டு. என் மகளை முதலாம் ஆண்டில் சேர்ப்பதற்கு முன் தலைமையாசிரியை மூன்று தடவை எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"ஐயா, ஒரு பிள்ள கொறஞ்சாலும் எங்களுக்கு சுசா லா, கஷ்டம். மலாய் ஸ்கூல்ல போட்டுறாதீங்க."

"நம்ம ஸ்கூலுதான் டீச்சர். வேற எங்க போவோம்?" என்றேன்.

அங்கே அவளுக்கு ஒரு தோழி கிடைத்தாள். தோழியின் அம்மாதான் பிள்ளைகளை ஏற்றிப்போகும் வேனை ஓட்டுபவர். என்னை அண்ணன் என்று கூப்பிடுவார், நான் தங்கச்சி என்பேன். நான் வேலையிலிருந்து வரத் தாமதமானால் என் பிள்ளைக்கும் சேர்த்துச் சோறு போட்டவர் அவர். பிள்ளைகள் இரண்டும் ஒரே தட்டில் சாப்பிட்டுச் சண்டை போடும்.

பள்ளியில் ஒவ்வொரு பொங்கல் விழாவுக்கும் எட்டுப் பெண்பிள்ளைகள் கோலாட்டம் ஆடுவார்கள். நாலு பேர் இந்தப் பக்கம், நாலு பேர் அந்தப் பக்கம். இரண்டு தட்டு தன் கோலில், இரண்டு தட்டு எதிரே நிற்பவளின் கோலில். இரண்டாம் ஆண்டிலிருந்தே என் மகளுக்கு எதிரே நின்றவள் அந்தத் தோழிதான். அந்த வருஷம் தோழிக்குக் கடைக்கோல் வாங்கித் தந்தார்கள். என் மகளுக்கு நான் கொய்யாவில் செதுக்கினேன்.

"ஏய், ஒன் கோலு ஒலக்க மாதிரி இருக்கு!" என்று தோழி சிரிப்பாள்.

"ஒன்னோடது பென்சிலு!" என்று இவள் திருப்பிக் கொடுப்பாள்.

இனி, அவள் நான்காம் ஆண்டில் இருந்தபோது நான் செய்த தவறு. தோட்டத்தில் காலையில் பெரட்டு உண்டு. விடியுமுன் எல்லாரும் வரிசையில் நிற்க, கிராணி பேர் கூப்பிடுவார். வராதவன் டாக்டர் சீட்டுக் காட்ட வேண்டும். என் தாத்தா காலத்திலிருந்து எங்களுக்கு இதுதான் பழக்கம். சீட்டு இல்லாமல் ஒரு நாள் வேலைக்கு வராமல் நின்றால் திருடன் மாதிரி கூசும். அதனால் மகளை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகும் நாளெல்லாம் அங்கே தரும் டைம் ஸ்லிப் சீட்டை மறுநாளே பள்ளிக்கு அனுப்பிவிடுவேன். யாரும் கேட்டதில்லை. இருந்தாலும் அனுப்புவேன். எப்போதும் உறையில் போட்டு ஒட்டி, மறக்காமல் ஆபீசில் கொடுத்துவிடுவார் என்று வேன்காரத் தங்கச்சி கையில்தான் கொடுப்பேன். அன்றைக்கு வீட்டில் உறை தீர்ந்துபோயிருந்தது. பெரட்டுக்கு நேரமாகிவிட்டது. சும்மா மடித்துக் கொடுத்துவிட்டுப் போனேன்.

சாயங்காலம் தங்கச்சி வாசலில் வந்து நின்றார். முகம் சரியில்லை.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. சீட்டு காத்துல பிரிஞ்சிருச்சு. முத்திரைல தொத்துநோய்ப் பிரிவுன்னு மலாய்ல போட்டிருக்கு. பாப்பாவுக்கு என்னா சீக்கு?"

ஏதாவது சொல்லியிருக்கலாம். சளி, நெஞ்சு, எதையாவது. ஆனால் என் பிள்ளைக்குச் சோறு போட்ட கை. நான் உள்ளதைச் சொன்னேன். அவர் படியில் வைத்திருந்த காலை மெதுவாகப் பின்னால் எடுத்தார்.

இரண்டே நாளில் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது. வேன் எங்கள் வாசலில் நிற்கவில்லை. நான் மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போய் விட்டேன். கோலாட்டப் பயிற்சியில் ஒரு பையன், "அவ கோலத் தொட்டா கை அழுகிரும்" என்றானாம். தோழியை அவள் அம்மா பயிற்சிக்கே அனுப்பவில்லை. மற்ற ஆறு பேரும் என் மகளுக்கு எதிரே வராமல் நகர்ந்து நகர்ந்து நின்றார்களாம். அதை அவள் அழாமல்தான் சொன்னாள்.

"அப்பா, எனக்கு எதிர யாரும் நிக்கல. நான் மட்டும் காத்துல தட்டுனேன்."

தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டனுப்பினார். மேசையில் இருந்த பேனாவை எடுத்து எடுத்து வைத்தார்.

"ஐயா, நாலு குடும்பம் பிள்ளைய மாத்தப் போறேன்னு நிக்கிறாங்க. போனா ஸ்கூலு நிக்காது. பொங்கல் முடியட்டும். அதுவரைக்கும் பாப்பா வீட்டுல இருக்கட்டுமே."

"டீச்சர், மூணு தடவ வீட்டுக்கு வந்து கேட்டீங்க."

"மறக்கல ஐயா," என்றார். கண் கலங்கியது. ஆனாலும் சொன்னதை மாற்றவில்லை.

மிஸ்ஸி ஒரு சனிக்கிழமை பள்ளிக்கு வந்து பெற்றோருக்கு விளக்கினார். ஒரு அம்மா எழுந்து, "கோலுல வேர்வ படுமே மிஸ்ஸி?" என்று கேட்டார். "வேர்வையில் வராது, கோலில் வராது" என்று மிஸ்ஸி பொறுமையாகச் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். வீட்டுக்குப் போனார்கள். அவ்வளவுதான்.

என் மகள் வீட்டுக் கதவு நிலையை எதிரே நிற்பவளாக வைத்துக்கொண்டு ஆடினாள். இரண்டு தட்டு தன் கோலில், இரண்டு தட்டு நிலையில். அந்தச் சாயம் உரிந்த இடம் இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. ஒருநாள் தாங்காமல் இரண்டு விறகுக்குச்சியை எடுத்துக்கொண்டு நானே எதிரே போய் நின்றேன்.

"அப்பா, கொல வெட்டுற மாதிரி அடிக்கிறீங்க! மெதுவா!"

"இப்ப?"

"இப்ப லேட்டு!"

சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அவ சரியா தட்டுவா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பொங்கல் விழா அன்று என்னிடம் கெஞ்சினாள். "உள்ள போக வேணாம்பா. பாகாருக்கு வெளிய நின்னு பாப்போம்." பச்சைப் பாவாடை கட்டி, கோலை மோட்டார் கூடையில் போட்டுக்கொண்டு வந்தாள். கோல் எதற்கு என்று நான் கேட்கவில்லை.

வேலிக்கு வெளியே செம்பனை நிழலில் நின்றோம். திடலில் கூடாரம், கரும்பு, மூன்று அடுப்பு. பால் பொங்கி எல்லாரும் கத்தி முடிந்ததும் கோலாட்டம் தொடங்கியது. தோழி வந்திருந்தாள். ஆனால் ஏழு பேர்தான். தோழிக்கு எதிரே இடம் காலியாக இருந்தது. அந்தத் தட்டு வரும்போது உன் கோலிலேயே தட்டிக்கொள் என்று டீச்சர் சொல்லிக்கொடுத்திருப்பார் போல, ஓரத்திலிருந்து சைகை காட்டிக்கொண்டே இருந்தார். அவள் அப்படிச் செய்யவில்லை. தன் கோலில் இரண்டு தட்டு தட்டிவிட்டு, காலி இடத்துக்குக் கையை நீட்டி அப்படியே வைத்திருந்தாள். அடுத்த சுற்றிலும் அதேதான்.

என் பக்கத்தில் 'டங்' என்று சத்தம் கேட்டது. என் மகள் கொய்யாக்கோலால் வேலியின் இரும்புக் கம்பத்தில் தட்டினாள். சரியாக அந்த நீட்டிய கைக்கு. டங், டங். சில பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குத் தடுக்கவா வேண்டாமா என்று தெரியவில்லை. தோழி எங்களைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் கை காற்றில் சும்மா நிற்கவில்லை. அங்கே அவள் ஓங்க, இங்கே கம்பம் சத்தம் போட, பாட்டு முடியும்வரை இரண்டு பேரும் ஆடினார்கள்.

முடிந்ததும் அவள் ஓடி வந்தாள். வேலிக் கம்பி ஓட்டையில் கை நுழையாது. கோல் நுழையும். அவள் அந்தப் பக்கமிருந்து நுழைக்க, இவள் இந்தப் பக்கமிருந்து நுழைக்க, ஓட்டைக்கு ஓட்டை தட்டிக்கொண்டு சிரித்தார்கள்.

"ஏன்டி ஸ்கூலுக்கு வரல?"

"வரச் சொன்னா வருவேன்லா."

"ஏய்! இங்க வா! கூப்புடுறேன்ல!" என்று கூடாரத்திலிருந்து தங்கச்சியின் குரல் வந்தது. தோழி அவசரமாகக் கோலை இழுத்துக்கொண்டு ஓடினாள். போனபிறகு பார்த்தால் என் மகள் கையில் ஒரு பச்சை, ஒரு சிவப்பு. அவசரத்தில் மாறிப்போனது என்றுதான் நினைத்தேன். மகள் இல்லை என்கிறாள். "அவ குடுத்தா, நான் குடுத்தேன்" என்கிறாள்.

பொங்கலுக்குப் பிறகு பள்ளியில் சேர்த்துக்கொண்டார்கள். கடைசியில் தனியாக ஒரு மேசை. கேண்டினில் அவளுக்கு மட்டும் ஒரு கோப்பை, அதில் ஒரு நாடா கட்டி அடையாளம். தோழியை அவள் அம்மா முதல் வரிசைக்கு மாற்றச் சொல்லிவிட்டார். எட்டு நாள் போனாள். ஒன்பதாம் நாள் காலுறை மாட்டிக்கொண்டே, "அப்பா, நான் வீட்டுலயே இருக்கேன்பா" என்றாள்.

நான் ஜித்ராவில் வேலை தேடிக்கொண்டேன். லாரி ஓட்டுகிறேன். இங்கே அவளுக்குப் பள்ளி உண்டு, தோழிகள் உண்டு, தனி மேசை கிடையாது. யாருக்கும் தெரியாது, அதனால். மருத்துவமனைக்குப் போகும் நாளுக்கு மறுநாள் 'காய்ச்சல்' என்று கடிதம் எழுதிக் கொடுக்கிறேன். உண்மைச் சீட்டுகள் என் சட்டைப் பையில் இருக்கின்றன. ஒரு நாளாவது அதை நேராகக் கொண்டுபோய் மேசையில் வைக்க வேண்டும் என்று இருக்கிறது.

பக்கத்திலேயே வேறு மருத்துவமனை இருந்தும் நாங்கள் பழைய இடத்துக்கே, சுங்கை பட்டாணிக்கே போகிறோம். டாக்டர் பழக்கம் என்று சொல்லிக்கொள்கிறோம். சிடாம் கிரிக்குத் திரும்பும் சந்தி வந்ததும் மகள் காடியின், அதாவது காரின், கண்ணாடியை இறக்கிவிடுவாள். சந்தி போனதும் ஏற்றிவிடுவாள். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

போன மாதம் இரத்தம் எடுத்த களைப்பில் அவள் காடியிலேயே தூங்கிவிட்டாள். நான் பாசாருக்குள் காய் வாங்கப் போனேன். கீரைக்கட்டு எடுத்த கைக்கு எதிரே அந்தத் தங்கச்சி. நகரப் பார்த்தார். பிறகு நின்றார்.

"அண்ணே. பாப்பா நல்லா இருக்கா?"

"பெரிய ஸ்கூல்ல ஒன்னாம் பாரம் படிக்குது. நல்லா இருக்குமா."

பையின் காதை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

"அந்தக் கோலத் தூக்கிப் போடுன்னு ரெண்டு தடவ சொன்னேன்ணே. மூணாவது தடவ சொல்ல வாய் வரல. இன்னும் தலகாணிக்கு அடியிலதான் வச்சிருக்கா. யாரையும் தொட விட மாட்டா." பையின் காதை விட்டுவிட்டு, "நான் பயந்துட்டேன்ணே" என்றார்.

"நானும் பயந்தவன்தான் தங்கச்சி," என்றேன்.

காடியில் மகளை எழுப்பிச் சொன்னேன். சந்தி வந்தது. கண்ணாடியை இறக்கினாள்.

"சத்தம் எப்படி இருக்குன்னு கேட்டீங்களா?"

"எந்தச் சத்தம்?"

"அவகிட்டயும் ஒன்னு நம்மளது, ஒன்னு கடையிது. ரெண்டயும் தட்டுனா எப்படி இருக்கும்?"

"கேக்கலமா."

"அடுத்த தடவ இங்க திருப்புங்கப்பா. கோல எடுத்துட்டு வர்றேன்."

திருப்புவதாகச் சொல்லியிருக்கிறேன். அடுத்த தேதிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. நேற்று வேலை முடிந்து வந்தபோது அவள் கோல்களை அலமாரியிலிருந்து இறக்கி ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்து முடித்து எழுந்து நின்று கைகளை நீட்டிப் பார்த்தாள். நான் சட்டையைக்கூடக் கழற்றாமல் போய் எதிரே நின்றேன்.

"நீங்க வேணாம்பா," என்றாள்.