இன்னும் ஒண்ணு வெடிக்கல

அந்தமானில், கப்பல் அணையும் மாயாபந்தர் ஜெட்டிக்குப் பக்கத்தில் எங்கள் டீக்கடை. ரோடு போட்டுக்கொண்டிருந்த காலம் அது. கப்பல் சங்கு ஊதியதும் பத்துப் பேர் ஒரே நேரத்தில் "ஜல்தி, ஜல்தி" என்று அவசரப்படுத்திக் கை நீட்டுவார்கள். இதைப் பார்த்தே வளர்ந்த எங்கள் நாலு வயது மகள், எதைக் கண்டாலும் எட்டிப் பறிப்பாள். சங்கு ஊதாமலே கிளம்புற கப்பல் என்று ஜெட்டி ஆட்கள் அவளைச் சொல்வார்கள். ஒருநாள் பாய்லர் குழாயைத் திருகி முழங்கையைச் சுட்டுக்கொண்டாள். பயந்துபோய் பால்வாடியில் விட்டோம்.

டீச்சர் வங்காளத்து அம்மா. பத்தே நாளில் கூப்பிட்டு இந்தியில் சொன்னார்: இவள் உட்காருவதே இல்லை, மற்றப் பிள்ளைகளின் பாலையும் தட்டிவிடுகிறாள், சனிக்கிழமை வரை பார்ப்பேன், அப்புறம் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வீடு என்றால் எங்களுக்கு அந்தப் பாய்லர் பக்கம்தான்.

அந்தப் பால்வாடியில் இன்னொரு பிள்ளை இருந்தான். ரோடு வேலையில் பாறைக்கு வெடி வைக்கிறவரின் மகன். பிஸ்கட்டை முன்னால் வைத்தாலும் சொன்னால்தான் தொடுவான். அவன் அப்பா திருநெல்வேலிப் பக்கம், என் கடையில்தான் டீ குடிப்பார். அடித்து வளர்க்கிறீரா என்று கேட்டேன்.

"எதுக்கு அடிக்கணும் அண்ணாச்சி? ஆறு திரி கொளுத்தினா ஆறு சத்தம் கேக்கணும். அஞ்சுதான் கேட்டுச்சுன்னா ஒருத்தரும் எந்திரிக்கக் கூடாது. சோறு கொண்டார அம்மாகூட வந்து, தூர உக்காந்து அவனும் எண்ணுவான். அம்புட்டுதான்."

அன்று சாயங்காலமே மகளிடம், ஆறு எண்ணினால்தான் பிஸ்கட் என்றேன். ஆறையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள்.

சனிக்கிழமை அவளை ஒரேயடியாகக் கூட்டிவரத்தான் போனேன். பால் நேரத்துக்கு மரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டில் எப்போதும் ஐந்து அடி அடிப்பார்கள். அன்று நாலாவது அடியோடு ஆயாவின் சுத்தியல் தலை பிடியிலிருந்து கழன்று விழுந்தது. பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். அந்தப் பையன் எழவில்லை. ஓடப்போன என் மகளின் பாவாடையையும் பிடித்துக்கொண்டான்.

"போவாத. இன்னும் ஒண்ணு வெடிக்கல."

இழுத்துப் பார்த்தாள். பிறகு தண்டவாளத்தைப் பார்த்தாள். அது வெடிக்குமா என்று அவனிடம் கேட்டாள். தெரியாது என்று தலையாட்டினான். உட்கார்ந்துவிட்டாள். ஆயா பிடியைச் செருகி மிச்ச ஓர் அடியை அடிக்கும்வரை இமைகூட ஆடவில்லை.

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பைட் கயீ" என்றார். உட்கார்ந்துவிட்டாளாம். திங்கட்கிழமையும் வரட்டும், அவன் பக்கத்திலேயே உட்கார வைக்கிறேன் என்றார்.

அவன் எண்ணிக்கைக்காக உட்கார்ந்தான், சரி. இவள் பயந்து உட்கார்ந்தாளா, வேடிக்கை பார்க்கவா? இன்றும் எனக்குப் பிடிபடவில்லை.

சாயங்காலம் பாய்லர் புஸ்ஸென்று ஆவி விட்டது. மகள் எட்டடி தள்ளித் தரையில் சம்மணம் போட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்பப்பா வெடிக்கும்?"

அதெல்லாம் வெடிக்காது என்று சொல்ல என் மனைவி வாயைத் திறந்தாள். நான் கண்ணைக் காட்டி நிறுத்தினேன்.